கலந்து பிரித்த மருந்து

என் கால் ஆறிவிட்டது. இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் படிக்கிறவர்கள் கடைசி வரைக்கும் என் காலை நினைத்தே பதைபதைத்துக்கொண்டிருப்பார்கள். வலது பாதத்தில், கட்டை விரலுக்குக் கீழே மேடாக இருக்கிற இடத்தில் ஐந்து ரூபாய் நாணயம் அளவுக்கு ஒரு புண் இருந்தது. இப்போது பளபளவென்று ஒரு தழும்பு மட்டும் இருக்கிறது. செஞ்சி கடைத்தெருவில் எங்கள் மளிகைக் கடைக்கு வருகிறவர்கள், "இன்னாம்மா வசந்தா, நல்லா நடக்கிறியே! எந்த ஆஸ்பத்திரி, இன்னா மருந்து?" என்று கேட்காமல் போவதில்லை. ஆஸ்பத்திரியைச் சொல்கிறேன், மருந்தைச் சொல்கிறேன். செல்வியைப் பற்றிச் சொல்வதில்லை. அதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எனக்குச் சர்க்கரை வந்து பல வருடமாகிறது. மாத்திரை போடுவேன், மறப்பேன். கல்யாண வீட்டில் இலையில் ஜாங்கிரி வைத்துவிட்டால் அதை மிச்சம் வைத்து எழுந்திருக்க எனக்கு மனசு வராது. சர்க்கரை பாத நரம்புகளை அரித்துவிடும், கால் மரத்துப்போகும் என்று டாக்டர்கள் சொல்லியிருந்தார்கள். மரத்துப்போனது எப்போது என்றுதான் எனக்குத் தெரியாது. வலி வந்தால் தெரியும். வலி போனால் யாருக்குத் தெரிகிறது?

எங்கள் கடைக்குள் யாரும் செருப்புப் போட மாட்டோம். கல்லாப்பெட்டி இருக்கிற இடம் லட்சுமி இருக்கிற இடம், என் மாமனார் காலத்திலிருந்து அப்படித்தான். காலையில் சாம்பிராணி காட்டிவிட்டு ஏறினால் ராத்திரி ஷட்டர் இறக்கும் வரைக்கும் வெறுங்கால்தான். ஒரு நாள் சாக்குத் தைக்கிற கோணி ஊசியைக் காணவில்லை. அரிசி மூட்டை, பருப்பு மூட்டை எல்லாவற்றையும் நகர்த்தித் தேடினோம். என் மகன் பிரபுவை வாய்க்கு வந்தபடி திட்டினேன். சாயங்காலம் என் வீட்டுக்காரர் தரையைப் பார்த்துவிட்டு, "வசந்தா, நீ நடந்த எடமெல்லாம் ரத்தமா இருக்குதே," என்றார். ஊசி என் பாதத்தில் குத்தி நின்றது. ஊசியைக் காலில் வைத்துக்கொண்டு ஊரெல்லாம் தேடினாளே என்று அன்றைக்கு எல்லாரும் சிரித்தோம்.

அதற்குப் பிறகு நான் செய்ததெல்லாம் எல்லாரும் செய்கிறதுதான். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்து வைத்தேன். மருந்துக் கடையில் கேட்டு ஒரு களிம்பு வாங்கிப் போட்டேன். அந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் அங்காளம்மனைப் பார்க்கப் போய், அத்தனை கூட்டத்தில் அந்தக் காலோடு செருப்பில்லாமல் நடந்தேன். புண் வாயைத் திறந்துகொண்டது, நாற்றம் வந்தது, குளிர் காய்ச்சல் வந்தது. செஞ்சியில் பார்க்கிற டாக்டர் கட்டைப் பிரித்ததும் முகத்தைச் சுளித்தார். "என்னிடம் இன்னொரு நாள்கூட வைத்துக்கொள்ளாதீர்கள், உடனே புதுச்சேரிக்குப் போங்கள்," என்றார்.

புதுச்சேரிப் பக்கம் அது ஒரு பெரிய ஆஸ்பத்திரி. பாதத்துக்கென்றே தனிப் பிரிவு. அந்த வெளிவராந்தாவில் உட்கார்ந்திருக்கிறவர்கள் முகத்தைப் பார்த்துப் பேசுவதில்லை, காலைப் பார்த்துத்தான் பேசுகிறார்கள். "உங்களுக்கு எத்தினி வெரல்?" என்று ஒருவர் என்னைக் கேட்டார். எனக்கு முதலில் புரியவில்லை. எடுத்தாகிவிட்டது எத்தனை என்று கேட்கிறார்! காலைப் புடவைக்குள் இழுத்துக்கொண்டேன்.

பரிசோதனைகள் ஆரம்பித்தன. நைலான் இழை ஒன்றால் பாதத்தை அங்கங்கே தொடுவார்கள், தொட்டது தெரிகிறதா என்று சொல்ல வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு, "தெரியுது, தெரியுது, இங்கயும் தெரியுது," என்றேன். அந்தப் பெண் சிரித்துவிட்டு, "அம்மா, நான் இன்னும் தொடவே இல்ல," என்றாள். கணுக்காலில் ஒரு கருவியை வைத்து ரத்தம் ஓடுகிற சத்தத்தைக் கேட்டார்கள். கிருமி எலும்பு வரைக்கும் போயிருக்கிறதா என்று எக்ஸ்ரே எடுத்தார்கள். மூன்று மாதத்துச் சர்க்கரையை மொத்தமாகக் காட்டிக்கொடுக்கிற ரத்தப் பரிசோதனை ஒன்று உண்டு. அதன் முடிவைப் பார்த்த டாக்டர் என்னை ஒன்றும் கேட்கவில்லை, என் வீட்டுக்காரரைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டார், ஏதோ அவர்தான் ஜாங்கிரி தின்ற மாதிரி.

என்னை வார்டில் சேர்த்துப் புண்ணில் செத்துப்போயிருந்த சதையைச் சுரண்டி எடுத்தார்கள். அப்போதும் வலிக்கவில்லை. வலிக்காதது எவ்வளவு பெரிய பயம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. பில்லை என் வீட்டுக்காரர் என் கண்ணில் காட்டாமல் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டார். கடையில் பத்து ரூபாய்க்குத் துண்டுச் சீட்டு எழுதிக் காட்டுகிற மனுஷர்! தினமும் காலையில் மருமகள் கட்டிக்கொடுத்த கேழ்வரகுக் களியைச் செஞ்சியிலிருந்து பஸ்ஸில் தூக்கிக்கொண்டு வருவார். வந்ததும் முதல் வேலையாக என் நல்ல காலைத் தூக்கி மடியில் வைத்து, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் ஏதாவது கீறல் இருக்கிறதா என்று பார்ப்பார். எனக்கு வெட்கமாக இருக்கும். இத்தனை வருடத்தில் அவர் என் காலைத் தொட்டதே இல்லை.

பக்கத்துக் கட்டிலில் இருந்தவள்தான் செல்வி. அனந்தபுரத்துக்காரி, பள்ளிக்கூடத்தில் சத்துணவு அமைப்பாளர். என்னைவிட ஆறேழு வயது சின்னவள். புருஷன் மாரடைப்பில் போய்ச் சேர்ந்து வருஷங்கள் ஆகின்றன. ஒரே மகள் கவிதா, தாலுகா ஆபீசில் கம்ப்யூட்டரில் வேலை. செல்விக்கு இடது காலில், சுண்டு விரல் பக்கம் புதுச் செருப்புக் கடித்த இடம் புண்ணாகி, வாய் சின்னதாகவும் உள்ளே ஆழமாகவும் போயிருந்தது. முதல் நாளே, "அக்கா, நீ செஞ்சியா? பஜார்ல பச்சை போர்டு கடையா? ஒங்க கடையிலதான ஸ்கூலுக்குக் கடலை வாங்குறோம். போன வாட்டி கல்லு இருந்துது," என்றாள். அப்படித்தான் எங்களுக்குப் பழக்கம். எனக்கு வாய் நீளம், அவளுக்கு அதைவிட நீளம். நர்ஸ்கள் எங்கள் இரண்டு பேர் கட்டிலையும் ரேடியோ ஸ்டேஷன் என்பார்கள்.

அவளுக்கு ஒரே ஒரு பயம்தான். அதை விளக்கு அணைத்த பிறகு சொல்வாள். "எங்க நைனாவுக்கு மொதல்ல ஒரு வெரல எடுத்தாங்க. அப்புறம் முட்டி வரைக்கும். அப்புறம் ஆளே இல்ல. மொத வெரல மட்டும் குடுத்துடக் கூடாதுக்கா."

அங்கே ஒரு ஆராய்ச்சி நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்த்துக்கொண்ட டாக்டரம்மா சின்ன வயதுக்காரர், என் மகன் வயதுதான் இருக்கும். எங்கள் கட்டிலுக்கு நடுவில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து பொறுமையாக விளக்கினார். நம் உடம்பில் எங்கே அடிபட்டாலும் உடம்பே சில புரதங்களை உண்டாக்கி அனுப்புமாம். வளர்ச்சிக் காரணி என்று பெயர். அது போய்ப் பக்கத்தில் இருக்கிற செல்களை, வா, வந்து வளர், புது ரத்தக் குழாயைப் போடு என்று கூப்பிடுமாம். சர்க்கரைக்காரர்களின் பழைய புண்ணில் இந்தக் கூப்பாடு எடுபடுவதில்லை. அதனால் புண் ஆறாமல் அப்படியே மாதக்கணக்கில் நிற்கிறது. அந்தப் புரதத்தை வெளியில் தயாரித்து, ஒரு ஜெல்லில் கலந்து, புண்ணில் தடவினால் ஆறுமா என்பதுதான் ஆராய்ச்சி. இது மாதிரி மருந்துகள் முன்பே இருக்கின்றன, இவர்கள் செய்வது புது வகை.

"ஆனா ஒரு விஷயம்," என்றார். "பாதிப் பேருக்கு மருந்து இருக்கிற ஜெல். பாதிப் பேருக்கு வெறும் ஜெல். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது. அப்பதான் மருந்து உண்மையிலயே வேலை செய்யுதான்னு தெரியும். மத்த வைத்தியம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

"சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரியா மேடம்?" என்றாள் செல்வி.

"ஆமா, அதேதான். இஷ்டம் இருந்தா சேருங்க. எப்ப வேணாலும் வேணாம்னு போயிடலாம்."

இரண்டு பேரும் சேர்ந்தோம். எங்கள் கையில் டியூபைக் கொடுத்தபோது சொன்னவை இன்னும் காதில் இருக்கின்றன. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டும், வெயிலில் வைத்தால் புரதம் கெட்டுவிடும். உப்புத் தண்ணீரில் புண்ணைக் கழுவி, மெல்லிசாகத் தடவ வேண்டும். டியூப் வாயில் கை படக் கூடாது, புண் படக் கூடாது. ஒருத்தர் டியூபை இன்னொருத்தர் தொடவே கூடாது. அடியில் மெத்தென்ற சிறப்புச் செருப்பை வீட்டுக்குள்ளும் போட வேண்டும். அந்தச் செருப்போடு கல்லாவுக்கு முன்னால் ஏற எனக்கு உடம்பு கூசியது. என் வீட்டுக்காரர் தானும் ஒரு புதுச் செருப்பை வாங்கிவந்து, கடைக்குள் போட்டுக்கொண்டு என் பக்கத்தில் நின்றார். "லட்சுமி கோச்சுக்கிட்டா ரெண்டு பேர் மேலயும் கோச்சுக்கட்டும்," என்றார்.

வீட்டுக்கு வந்த பிறகு வாராவாரம் செல்வி அனந்தபுரத்திலிருந்து செஞ்சிக்கு வருவாள், இரண்டு பேரும் ஒரே பஸ்ஸில் புதுச்சேரிக்குப் போவோம். என் புண் வாரத்துக்கு வாரம் சுருங்கியது. ஐந்து ரூபாய் நாணயம் சட்டைப் பொத்தான் அளவானது. அவளுடையது அப்படியே இருந்தது. அதே வாய், அதே அளவு. டாக்டரம்மா ஒரு மெல்லிய குச்சியை உள்ளே விட்டுப் பார்த்துவிட்டு, "நல்லாதான் போகுது, பொறுமையா இருங்க," என்பார். வெளியே வந்ததும் செல்வி, "எல்லாருக்கும் இதையேதான் சொல்றாங்க," என்பாள்.

ஒரு நாள் திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டியதும் அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். "எனக்கு வெறும் பசைதான்க்கா விழுந்திருக்குது. என் ராசி அப்படி. ஒனக்கு மருந்து, எனக்குப் பசை. வெரல் போயிடும் பாரு."

அவள் என்னிடம் எதையும் கேட்கவில்லை. இதை நான் அழுத்திச் சொல்ல வேண்டும். யோசனை என்னுடையது.

எங்கள் தொழிலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரே விவசாயியிடமிருந்து வந்த இரண்டு மூட்டைத் துவரம்பருப்பில் ஒன்று நல்லதாகவும் ஒன்று கொஞ்சம் மட்டமாகவும் இருந்தால், இரண்டையும் கொட்டிக் கலந்துவிடுவோம். யாருக்கும் முழு நஷ்டம் இல்லை, எல்லாருக்கும் நடுத்தரமாகக் கிடைக்கும். கலப்படம் என்று சொல்லாதீர்கள், எல்லாம் பருப்புதான். என் புத்தி அந்த வழியில் போனது. ஒரு டியூபில் மருந்து, ஒரு டியூபில் பசை. இரண்டையும் கலந்து பாதிப் பாதி எடுத்துக்கொண்டால் இரண்டு பேருக்கும் பாதி மருந்தாவது சேருமே!

செல்வி தயங்கினாள். "டாக்டரம்மா தொடவே கூடாதுன்னாங்களே."

"அவுங்களுக்கு ஆராய்ச்சி கெட்டுடும்னு பயம். நமக்கு வெரல் போயிடும்னு பயம். எது பெருசு, சொல்லு?"

"ஒனக்கு ஆறிக்கிட்டு வருதுக்கா. பாதியாக் கொறச்சா ஒனக்கு நின்னுட்டா?"

"எனக்கு இன்னா ஆயிடப் போகுது, போடி," என்றேன்.

அப்படிச் சொன்னபோது எனக்கு இருந்த பெருமையை என்னவென்று சொல்வது! செல்வியின் சாதிக்காரர்கள் வந்தால் வாசலோடு நிறுத்தித் தனி டம்ளரில் தண்ணீர் கொடுத்த வீடுகள் எங்கள் தெருவில் இருந்தன. எங்கள் வீடும் அதில் ஒன்று. நான் மருமகளாக வந்தபோது அந்த டம்ளரைக் கழுவி வைத்திருக்கிறேன். இன்றைக்கு நான் அவளோடு என் மருந்தையே பங்கு போடுகிறேன். யாரும் பார்க்கவில்லையே என்றுகூட ஒரு குறை இருந்தது எனக்கு.

கடையின் பின்கட்டில் எவர்சில்வர் கிண்ணத்தைக் கொதிக்கிற தண்ணீரில் கழுவினேன். இரண்டு டியூபையும் பிதுக்கினேன். ஸ்பூனால் கலந்தேன். இரண்டு சின்னச் சம்படத்தில் சரிபாதியாக வழித்து மூடினேன். ஒன்று பத்து அடி தூரத்தில் என் ஃபிரிட்ஜுக்குப் போனது. இன்னொன்று செல்வியின் கூடையில், பஸ்ஸில், வெயிலில் அனந்தபுரம் போனது. அங்கே கோடையில் மதியமெல்லாம் கரண்ட் இருக்காது. சில நாள் பள்ளிக்கூடத்துச் சமையல் கூடத்திலேயே சம்படத்தை வைத்துக்கொண்டு, விரலால் எடுத்துத் தடவியிருக்கிறாள். இதெல்லாம் எனக்குப் பிறகுதான் தெரியும். காலி டியூபை ஆஸ்பத்திரியில் திருப்பி வாங்கிக்கொள்வார்கள், அதைச் சமர்த்தாகக் கொடுத்துவிடுவோம்.

இப்படிச் சில வாரம் போனது. ஒரு நாள் போனில், "அக்கா, புண்ணைச் சுத்தி செவசெவன்னு இருக்குது. கொஞ்சம் சூடாவும் இருக்குது," என்றாள்.

"ரத்தம் ஊறுதுடி! ரத்தம் வந்தாதான சதை வளரும்? நான் சொன்னேன்ல?" என்றேன். நான்தான் சொன்னேன். அவளும் சந்தோஷமாகப் போனை வைத்தாள்.

மூன்றாம் நாள் காலையில் கவிதா கூப்பிட்டாள். அம்மாவுக்கு நடுக்கம், காய்ச்சல், காலில் நாற்றம், ஆம்புலன்சில் போய்க்கொண்டிருக்கிறோம் என்றாள். நானும் வீட்டுக்காரரும் அடித்துப் பிடித்துக்கொண்டு அடுத்த பஸ்ஸைப் பிடித்தோம். நாங்கள் போனபோது டாக்டரம்மா செல்வியின் கட்டிலோரம் நின்றுகொண்டிருந்தார். கால் கணுக்கால் வரைக்கும் வீங்கி, தோல் மினுமினுவென்று இருந்தது.

"இதுல வேற ஏதாவது வச்சீங்களா? பச்சிலை, களிம்பு, எதுவா இருந்தாலும் சொல்லுங்க. திட்ட மாட்டேன்," என்றார்.

செல்வி என்னைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "ஒண்ணும் வைக்கல மேடம்," என்றாள். அந்தக் காய்ச்சலிலும் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை, மகராசி.

"நான்தான் மேடம்," என்றேன். கலந்ததை, பிரித்ததை, சம்படத்தை, எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரம்மா உடனே திரும்பினார். நர்ஸைக் கூப்பிட்டு ஏதேதோ மருந்து மாற்றச் சொன்னார். சம்படத்தை வீட்டிலிருந்து எடுத்துவரச் சொன்னார். முகம் வெளுத்துவிட்டது. திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஆனால் கவிதா என்ன செய்தாள் தெரியுமா? ஆஸ்பத்திரித் தரையில் அப்படியே என் காலில் விழுந்தாள். "பெரியம்மா, ஒங்களுக்கு ஆறிக்கிட்டு இருந்த மருந்த எங்கம்மாவுக்குப் பிரிச்சுக் குடுத்தீங்களா? கூடப் பொறந்தவங்ககூட இப்படிச் செய்ய மாட்டாங்களே!" என்று அழுதாள். நான் செய்தது தப்பு என்று சொல்ல வாய் திறந்தேன். சுற்றி நின்றவர்கள் எல்லாரும் என்னைக் கையெடுத்துக் கும்பிடாத குறையாகப் பார்த்தார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

அன்று சாயங்காலமே அறுவை சிகிச்சை. கிருமி எலும்பில் ஏறிவிட்டது. சுண்டு விரலும் அதற்கு அடுத்த விரலும், அவற்றோடு சேர்ந்த பாதத்தின் ஓரமும் போயின. உயிருக்கு ஆபத்தில்லை, மீதிக் காலைக் காப்பாற்றிவிடலாம் என்றார்கள். மயக்கம் தெளிந்ததும் செல்வி கேட்டது, "எத்தினி?" என்றுதான். கவிதா இரண்டு விரலைக் காட்டினாள். செல்வி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அந்த நாட்களில் பகலெல்லாம் நான் அவளோடுதான் இருந்தேன். கவிதா வேலைக்குப் போய்விட்டு வருவாள். என் மருமகள் இரண்டு பேருக்கும் கம்பங்கூழ் கொடுத்தனுப்புவாள். செல்வியின் தலையைப் பின்னினேன், கஞ்சி ஊட்டினேன், பெட்பேன் வைத்தேன். பார்க்க வந்த அனந்தபுரத்து ஜனம், "இவுங்கதானா அந்தம்மா!" என்று என் கையைப் பிடித்துக்கொள்ளும். ஒரு கிழவர் எனக்கு இளநீர் வாங்கிவந்து கொடுத்தார். குடித்தேன். குடிக்காமல் எப்படி இருப்பது?

எங்கள் இரண்டு பேரையும் ஆராய்ச்சியிலிருந்து எடுத்துவிட்டார்கள். சாதாரண வைத்தியம் தொடர்ந்தது. என் புண் மெதுவாக, மிக மெதுவாக ஆறி மூடியது. கடைசியாகக் காட்டப் போன அன்றைக்கு டாக்டரம்மா கட்டைப் பிரித்துப் பார்த்துவிட்டுச் சிரித்தார். அவர் என்னைப் பார்த்து ரொம்ப நாள் கழித்துச் சிரித்தது அப்போதுதான். அந்தத் தைரியத்தில் கேட்டேன்.

"மேடம், எனக்குக் குடுத்தது மருந்துதான? தெரிஞ்சிருக்குமே இப்ப?"

அவர் என் காலைக் கீழே இறக்கி வைத்தார். "செல்விக்கு இப்படி ஆனதால உங்க ரெண்டு பேர் சீட்டையும் பிரிச்சுப் பாத்தாங்க. ஒங்களுக்கு மருந்துதான்."

"அப்ப அவளுக்குப் பசை."

"இல்லம்மா. அவங்களுக்கும் மருந்துதான். ரெண்டு டியூப்லயும் ஒரே மருந்துதான் இருந்துது."

"பின்ன அவளுக்கு ஏன் ஆறல?"

"ஆறிக்கிட்டுதான் இருந்துது. அவங்க புண்ணு ஆழம். அடியிலேந்து சதை ஏறி மேல வந்துக்கிட்டு இருந்துது, வாரா வாரம் அளந்தேன். ஒங்க கண்ணுக்குப் புண்ணோட வாய்தான் தெரியும். நல்லாதான் போகுதுன்னு சொன்னேனே, நம்பலியா நீங்க?"

சம்படத்தில் வளர்ந்திருந்த கிருமியும் செல்வியின் புண்ணில் இருந்த கிருமியும் ஒரே வகை என்று பரிசோதனையில் வந்ததாம். சம்படத்திலிருந்து புண்ணுக்குப் போனதா, விரலோடு புண்ணிலிருந்து சம்படத்துக்கு வந்ததா என்று அடித்துச் சொல்ல முடியாது என்றார் டாக்டரம்மா. சூட்டில் மருந்தின் வீரியமும் போயிருக்கும் என்றார். பிறகு, "நீங்க நல்லது நெனச்சுதான் செஞ்சீங்க," என்றார். எனக்கு அவரை ஓங்கி ஒரு அறை விடலாம் போல இருந்தது. நல்லது நினைத்தேனாம்!

வீட்டுக்காரரிடம் மட்டும் சொன்னேன். அவர், "போனது போச்சு. அந்தப் பொம்பளை விதியேன்னு மனசைத் தேத்திக்கிட்டு இருக்குது. நீ போய்ச் சொன்னா வெரல் மொளைக்கவா போகுது? விட்டுடு," என்றார். விட்டுவிட்டேன். ஒரு மாதத்துக்கு மேல் விட்டுவிட்டேன். செல்வி போன் செய்தால் பருப்பு விலையைப் பேசுவேன்.

அப்போதுதான் கவிதாவுக்கு நிச்சயதார்த்தம் கூடிவந்தது. கடைக்கே வந்து வெற்றிலை பாக்கு வைத்து அழைத்தாள். "எங்க அப்பா இல்ல. அப்பா அம்மா எடத்துல பெரியம்மாவும் பெரியப்பாவும்தான் நின்னு தட்டு மாத்தணும். அம்மாவும் அதான் சொல்லிச்சு. எங்க தாய்மாமாகூட ஒத்துக்கிட்டாரு," என்றாள். என் வீட்டுக்காரர் என் முகத்தைப் பார்த்தார். இந்தத் தடவை விட்டுவிடு என்று அவரும் சொல்லவில்லை.

மறுநாள் அனந்தபுரத்துக்குத் தனியாகப் போனேன். செல்வி வாசல் வரைக்கும் வந்தாள். அவளுக்கென்று செய்த செருப்பில் ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து நடந்தாள். "வாக்கா. சாப்டியா? இப்பதான் ஒன்ன நெனச்சேன்," என்றாள். சர்க்கரை போடாத காப்பி கொடுத்தாள். அதை நான் தொடவில்லை. டாக்டரம்மா சொன்னதை அப்படியே, ஒன்றையும் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன்.

தெருவில் ஒரு மீன்காரர் கூவிக்கொண்டு போனார். அந்தச் சத்தம் ஓய்ந்த பிறகு செல்வி கேட்டாள்.

"அப்ப எனக்கும் மருந்துதான் விழுந்துதா?"

"ஆமா."

"சும்மா இருந்திருந்தா ஆறியிருக்கும் இல்ல?"

டாக்டர் அடித்துச் சொல்லவில்லை என்று சொல்லித் தப்பித்திருக்கலாம். "ஆறியிருக்கும் செல்வி," என்றேன்.

அழுவாள், திட்டுவாள், வெளியே போடி என்பாள் என்று எல்லாவற்றுக்கும் தயாராகத்தான் போயிருந்தேன். அவள் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆபீசிலிருந்து கவிதா வந்து சேர்ந்தாள். என்னைப் பார்த்ததும், "பெரியம்மா!" என்று வண்டியை நிறுத்தியும் நிறுத்தாமலும் ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டாள். செல்வி, "உக்காருடி. அவுங்க ஒன்கிட்ட ஒண்ணு சொல்லணும்னு வந்திருக்காங்க," என்றாள். அவளுக்கும் சொன்னேன். முதல் தடவை சொன்னதைவிட அது கஷ்டமாக இருந்தது. பாதியிலேயே என் கையை விட்டுவிட்டாள்.

நான் எழுந்தபோது கவிதா மரியாதையாகவே பேசினாள். "தட்டு எங்க மாமா மாத்திக்கட்டும். நீங்க நிச்சயத்துக்கு வாங்க. சாப்பிட்டுட்டுதான் போகணும்." பெரியம்மா என்று கூப்பிடவில்லை.

நிச்சயதார்த்தத்துக்குப் போனேன். போகாமல் இருப்பதுதான் கோழைத்தனம் என்று தோன்றியது. மண்டபத்தில் பின்வரிசையில் உட்கார்ந்தோம். அனந்தபுரத்து ஜனத்துக்கு விஷயம் தெரிந்திருந்தது. யாரும் தள்ளி உட்காரவில்லை. தட்டு மாற்றுகிற நேரத்தில், மாமாவின் பக்கத்தில் நிற்கக் கவிதாவின் அம்மாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். செல்வி எங்கள் வரிசையைத் தாண்டித்தான் போக வேண்டும். மேடைக்குப் போகிற வழியில் தரையில் ஒரு மேடு இருந்தது, அதில் அவள் கால் இடறியது. நான் சட்டென்று எழுந்து கையை நீட்டினேன். செல்வி என் கையைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துத் தன்னை நிறுத்திக்கொண்டு, மேடைக்கு நடந்துபோனாள்.